கழட்டி மாட்டத் தெரியுமா? ஜி.டி. நாயுடுவும் ஒரு பழைய பைக்கும்

பைனல் இயர் மக்களே, ட்ரிப் பிளான் போட்டாச்சா? இந்த சீசன் வந்தாலே ஹாஸ்டல் பார்க்கிங் பூரா இதே பேச்சுதான். ஏற்காடா, வால்பாறையா, கொஞ்சம் தைரியம் ஜாஸ்தின்னா லடாக்கா? நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தரோட வாழ்க்கைக் கதையைச் சொல்லிடறேன். அதுக்கும் முன்னாடி என் கதை, பத்தே வரி.

போன லீவுல நாலு பேர் ஈ.சி.ஆர்.ல கிளம்பினோம். லாங் ரைடுக்கு முதுகு வலிக்காம இருக்கணும்னு ஹேண்டில்பாரை உயர்த்தி வைக்கிற ரைசர் ஒண்ணை ஆன்லைன்ல வாங்கி, நானே மாட்டியிருந்தேன். பார்க்க கெத்தா இருந்துச்சு. மரக்காணம் உப்பளம் பக்கத்துல கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு. நாலு பேரும் மெக்கானிக்கல். நாலு பேரும் வண்டியைச் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தோம். ரோட்டோரம் பஞ்சர் கடை வச்சிருந்த அண்ணன் வந்து ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசா திருப்பிக் காட்டினார். ஹேண்டில் மேல போயிருக்கு, கேபிள் நீளம் அதேதான். திருப்புற ஒவ்வொரு தடவையும் அது இழுபட்டு, லிவர் முனையில இழை இழையா அறுந்திருக்கு. அவர் டப்பாவிலிருந்து வேற கேபிளை எடுத்து, அது போற வழியையும் மாத்தி மாட்டிவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகலை.

ராத்திரி ரூமுக்கு வந்து சொன்னா, கோயம்புத்தூர்க்கார ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சு முடிச்சதும், ஜி.டி. நாயுடு பைக் வாங்கின கதை தெரியுமான்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ‘இந்தியாவின் எடிசன்’ங்கிற பட்டம் மட்டும்தான். அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில். அப்போ நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில, கோயம்புத்தூர் பிரிட்டிஷ்காரங்க கையில. விவசாயக் குடும்பம். படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. தொடக்கப் பள்ளியைத் தாண்டவே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, பெரிய டிராப்-அவுட்.

இளைஞராக இருந்தபோது ஒரு நாள், ஊருக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த வண்டியைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, தானாக ஓடியது. ரட்ஜ் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக் கம்பெனி அது. சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள் 1911ல்தான் மோட்டார் சைக்கிள் விற்க ஆரம்பித்தார்கள். ஒற்றை சிலிண்டர், 499 சிசி. இன்னைக்கு நீங்க டூருக்கு எடுத்துட்டுப் போற வண்டியைவிட இன்ஜின் பெருசா இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனா சொகுசை எதிர்பார்க்காதீங்க. அந்தக் கால பைக்குகளில் பலவற்றுக்குச் செயின் கிடையாது. இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட், அவ்வளவுதான். மழை பெய்தால் வழுக்கும். ஆயில் தானாகச் சுற்றிவராது. ஓட்டுகிறவரே அப்பப்போ கை பம்பை அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். போன ஆயில் திரும்பி வராது, எரிந்தும் ஒழுகியும் போய்விடும். மறந்தால் இன்ஜின் இறுகிவிடும், அதிகமாக அழுத்தினால் புகை மண்டும். அப்படி ஒரு வண்டியை ஓட்டணும்னா அதோட உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சே ஆகணும். ரைடர் வேற, மெக்கானிக் வேற என்கிற பிரிவினை அப்போ கிடையாது.

அந்த வண்டி அவருக்கு வேண்டும். கையில் காசு இல்லை. ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜை வாங்கினார்.

இப்போ நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு நாள் டேபிள் துடைச்சு, பில் கொடுத்து வாங்கின வண்டி கையில இருக்கு. நீங்களும் நானுமா இருந்தா ஊரைச் சுத்தி நாலு ரவுண்ட் அடிச்சிருப்போம். அவர் செய்தது வேறு. வண்டியை முழுசாகக் கழட்டிப் போட்டார். திரும்ப மாட்டினார். சொல்லித்தர ஆளில்லை, சர்வீஸ் மேனுவல் இல்லை, வீடியோ இல்லை. ஒவ்வொரு பாகமும் எதுக்கு இருக்கிறது என்று கழட்டியும் மாட்டியுமே தெரிந்துகொண்டார். அந்த ஒரு வண்டிதான் அவருக்குக் காலேஜ். அதற்கப்புறம் மெக்கானிக்காக வேலை பார்த்தார்.

நேர்கோட்டுல மேல போன வாழ்க்கைன்னு நினைச்சிடாதீங்க. நடுவில் பருத்தித் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய் பருத்திச் சந்தை வரை போய் அந்தப் பணத்தை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியோடு 1920ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி–பழனி ரூட். டிரைவரும் அவரேதான். இங்கேதான் அந்த ரட்ஜ் கைகொடுத்தது. பஸ் தொழிலில் நின்ற வண்டிக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்கிறவன்தான் ஜெயிப்பான். ஒற்றை பஸ்ஸில் ஆரம்பித்த யூ.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சில வருஷங்களில் நாட்டிலேயே திறமையாக நடத்தப்படும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

டூர் போற பைக்கும் ஒரு வகையில பொள்ளாச்சி–பழனி பஸ் மாதிரிதான். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சேலம் வழியா கோயம்புத்தூர் போனா நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. போய்த் திரும்பறதுக்குள்ள ஒரு தடவையாவது செயினைத் துடைச்சு ஆயில் விடணும், ஏன்னா ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதைச் செய்யணும். நம்ம ஊர்ல இன்னும் சீக்கிரமாவே. பீச் ரோட்டுல நிறுத்திட்டு மணிக்கணக்கா கதை பேசுறோமே, அந்த உப்புக் காத்து செயினையும் பேட்டரி டெர்மினலையும் சும்மா விடாது. பின்னாடி ஒரு ஆளும் பையும் ஏறினா செயின் தொய்வு மாறும், டயர் காத்தும் வேற அளவு. வண்டியோட வந்த புக்ல எல்லாம் இருக்கு. நம்மள்ல எத்தனை பேர் அதைப் பிரிச்சுப் பார்த்திருக்கோம்?

சரி, நாயுடுகிட்ட வருவோம். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பட்டறை பக்கம் திரும்பிவிட்டார். 1937ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியில், இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. கோயம்புத்தூர் இன்னைக்கு மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊரா இருக்குன்னா, அந்த வரலாற்றில் இது முக்கியமான இடம். அவர் உருவாக்கிய எலக்ட்ரிக் ரேசர் டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி பேட்டரியில் ஓடியது, ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரில் தயாரானது. மண்ணெண்ணெயில் ஓடும் பேன், பழச்சாறு பிழியும் கருவி, கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று லிஸ்ட் நீளம். கேமரா பைத்தியம் வேறு. 1936ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர். இயந்திரத்தோடும் நிற்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புது ரகங்கள் உருவாக்க முயன்றார்.

இந்த லிஸ்ட்டைப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. பேன், ரேசர், ஓட்டுப் பெட்டி எல்லாம் ஏற்கெனவே உலகத்தில் இருந்த பொருள்கள். அதை நம்ம ஊருக்கு, நம்ம கரண்ட் இல்லாத வீட்டுக்கு, நம்ம காசுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். நம்ம பாஷையில அதுக்குப் பேர் கஸ்டமைஸ். ஆனா அவர் மாற்றுவதற்கு முன்னால் கழட்டிப் பார்த்தார். நான் கழட்டிப் பார்க்காம மாத்தினேன். மரக்காணத்துல நின்னேன்.

இப்போ நம்ம எல்லாருக்கும் உறைக்கிற பகுதி. 1945ல் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் உருவாக அவர் நன்கொடையும் உழைப்பும் தந்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைத்த அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் என்பது நேர விரயம், ரெண்டு வருஷம் போதும் என்பது அவருடைய கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இறங்கிவரவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார்.

நாலாவது வருஷம் முடியப்போற நேரத்துல இதைப் படிச்சா எப்படி இருக்கும், சொல்லுங்க! ரெண்டு வருஷம் போதும்னு நான் சொல்லமாட்டேன். தெர்மோவும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் புரியவே எனக்கு அவ்வளவு நாள் ஆச்சு. ஆனா அறுந்த கேபிளை எக்ஸாம் ஹால்ல கேட்டிருந்தா, இழுவிசை, சோர்வு, முறிவுன்னு பதிமூணு மார்க்குக்குப் பக்கம் பக்கமா எழுதியிருப்பேன். ரோட்டுல அதே கேபிள் கண்ணு முன்னாடி இருந்தும் தெரியலை. அவருக்கு நம்ம பாடம் இல்லை, நமக்கு அவரோட ரட்ஜ் இல்லை. நாலு வருஷமும் இருக்கட்டும், அதுக்குள்ள ஒரு வண்டியையாவது முழுசா கழட்டி மாட்டியிருக்கணும். நான் கண்ட தீர்ப்பு இதுதான்.

அவர் தோற்ற இடம் அது மட்டும் இல்லை. 1941லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று அறிவித்தவர் அவர். 1952ல் ரெண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. தயாரிப்பு நின்றுபோனது. அது மட்டும் ரோட்டுக்கு வந்திருந்தால் என்று இன்றைக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

லைசென்ஸ்னு சொன்னதும் நம்ம விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை, ஆர்.சி.யில பதிவான விவரத்தை, இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. சைலன்சரை மாத்தி ஒயிட் டவுன் தெருவெல்லாம் அதிர வைக்கிறது கஸ்டமைஸ் இல்லைங்க. இன்ஜினுக்கும் நல்லது இல்லை, தூங்குற குழந்தைக்கும் நல்லது இல்லை. பை மாட்டுற கம்பி, நல்ல சீட், செல்போன் சார்ஜர், சரியான அளவுக்கு ஓவர்லோட் ஆகாத லைட், டூருக்கு இவ்வளவு போதும். கனமான பையை டெயில் லைட்டுக்கு மேல ஏத்தாதீங்க, எவ்வளவு கீழேயும் முன்னாடியும் வைக்க முடியுமோ அங்க வைங்க. இல்லேன்னா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் 2025ல் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். அதே ரோட்டில் அவர் குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் மியூசியமும் இருக்கிறது. வால்பாறை போறவங்க கோயம்புத்தூர்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

எங்க ட்ரிப் அடுத்த மாசம். போன ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் பின்னாடி பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு, நாலு பேரும் உட்கார்ந்து என் வண்டியோட கிளட்ச் கவர், கார்புரேட்டர், ரெண்டு சக்கரம் எல்லாத்தையும் கழட்டினோம். ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டோம். கழட்ட ரெண்டு மணி நேரம், மாட்ட ஆறு மணி நேரம். கடைசியில ஒரு வாஷர் மிச்சம். அது எங்கேயிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் சாப்பிடப் போகலை. முன் சக்கர அச்சுல போடவேண்டியது. திரும்பக் கழட்டி, போட்டு, மாட்டினோம். ரைசர் அப்படியேதான் இருக்கு, நீளமான கேபிளோட. சீட்டுக்கு அடியில ஸ்பேர் கேபிள் ஒண்ணு.

மரக்காணம் அண்ணன் கடைக்கும் ஒரு நாள் போகணும். இந்தத் தடவை டீ குடிக்க மட்டும்.