மெலினா மெர்கூரி: சினிமா ஸ்டார் கலாசார அமைச்சரானால் என்ன நடக்கும்?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நீளமான ஹால். சுற்றிலும் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய பளிங்குச் சிற்பங்கள். 1983-ல் ஒருநாள் அந்த ஹாலுக்குள் வந்தார் கிரீஸ் நாட்டின் கலாசார அமைச்சர். அவரைச் சுற்றி பத்திரிகையாளர்களும் கேமராக்களும். அந்தச் சிற்பங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

ஒரு அமைச்சர் மியூசியத்துக்குப் போனதற்கு இவ்வளவு கூட்டமா? காரணம் இருக்கிறது. அவர் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். பெயர், மெலினா மெர்கூரி. கிரேக்க மக்களுக்கு இன்றும் வெறும் ‘மெலினா’தான்.

சினிமாவிலிருந்து அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. ஆனால், முதலமைச்சர் நாற்காலி, நிதி, உள்துறை என்று போகாமல், பட்ஜெட்டில் கடைசியாக நினைவுக்கு வருகிற கலாசாரத் துறையை வைத்துக்கொண்டே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் இவர்.

அரசியல் குடும்பம்... சினிமா ஆசை

மெலினா பிறந்தது 1920-ல், ஏதென்ஸில். தாத்தா ஸ்பைரிடன் மெர்கூரிஸ் பல ஆண்டுகள் ஏதென்ஸ் மேயராக இருந்தவர். அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். வீட்டில் எப்போதும் அரசியல் பேச்சுதான். ஆனால் மெலினா போய்ச் சேர்ந்ததோ தேசிய நாடகப் பள்ளியில்.

மேடையில் பெயர் வாங்கிய பிறகு, 1955-ல் வெளியான ‘ஸ்டெல்லா’ படத்தில் அறிமுகம். கான் விழாவில்தான் இயக்குநர் ஜூல்ஸ் டாசினைச் சந்தித்தார். கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்ட அமெரிக்கர் அவர். இருவரும் சேர்ந்து படங்கள் செய்தார்கள், 1966-ல் திருமணமும் செய்துகொண்டார்கள்.

1960-ல் வந்த ‘நெவர் ஆன் சண்டே’ எல்லாவற்றையும் மாற்றியது. பிரேயஸ் துறைமுகத்தில் யாருக்கும் பணியாமல் வாழும் ஒரு பாலியல் தொழிலாளி வேடம். அதற்குத்தான் கான் விருது. படத்தின் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. உலகம் முழுக்க கிரீஸ் என்றாலே மெலினாவின் முகம் என்றானது.

குடியுரிமை பறிபோன கதை

1967 ஏப்ரல் 21. கிரீஸில் ராணுவ கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். கட்சிகளுக்குத் தடை, பத்திரிகைகளுக்கு சென்சார், எதிர்த்தவர்களுக்குச் சிறை. அப்போது மெலினா நியூயார்க்கில் பிராட்வே நாடகம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தார்.

நினைத்திருந்தால் அமைதியாக இருந்திருக்கலாம். சம்பளம், புகழ், வசதி எல்லாம் இருந்தது. ஆனால், அவர் வாயைத் திறந்தார். கிரீஸுக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்று அமெரிக்கர்களிடமே சொன்னார். சில மாதங்களிலேயே ராணுவ அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. சொத்துகளையும் முடக்கியது.

கையெழுத்துப் போட்ட உள்துறை அமைச்சருக்கு அவர் கொடுத்த பதிலடி அன்றைக்கு உலகச் செய்தி. தன்னுடைய கிரேக்க அடையாளம் பிறப்பால் வந்தது, அதை ஒரு காகிதத்தால் பறிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அதன்பின் ஏழு ஆண்டுகள் ஊர் ஊராக, மேடை மேடையாக ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

1974-ல் ராணுவ ஆட்சி விழுந்தது. மெலினா நாடு திரும்பினார். அதே ஆண்டு ஆண்ட்ரியாஸ் பாப்பாண்ட்ரூ தொடங்கிய பாசோக் என்ற சோஷலிசக் கட்சியில் சேர்ந்தார். முதல் தேர்தலில் தோல்வி. 1977-ல் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். தொகுதி எது தெரியுமா? அவர் படத்தில் வாழ்ந்து காட்டிய அதே பிரேயஸ்.

அமைச்சராக என்ன செய்தார்?

1981-ல் பாசோக் ஆட்சிக்கு வந்தது. கிரீஸின் முதல் பெண் கலாசார அமைச்சரானார் மெலினா. 1989 வரை அந்தத் துறையை அவரேதான் கவனித்தார். நாடகம் என்றால் ஏதென்ஸ் மட்டும்தான் என்ற நிலை இருந்தது. 1983-ல் நகராட்சிகளோடு சேர்ந்து மாவட்டத் தலைநகரங்களில் நாடகக் குழுக்களை உருவாக்கும் திட்டம் தொடங்கியது. சின்ன ஊர்க்காரர்களுக்கும் நல்ல நாடகம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

அதே 1983-ல் ஐரோப்பிய நாடுகளின் கலாசார அமைச்சர்களை ஏதென்ஸுக்கு அழைத்தார். ஐரோப்பிய சமூகம் வரி, வர்த்தகம், விவசாய மானியம் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. கலைக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும் என்றார். வருடத்துக்கு ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஆண்டு முழுவதும் கலை நிகழ்ச்சிகள் நடத்தலாம் என்று யோசனை சொன்னார்.

1985-ல் முதல் நகரமாக ஏதென்ஸ் தேர்வானது. அடுத்து ஃப்ளாரன்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று பட்டியல் நீண்டது. 1990-ல் கிளாஸ்கோ வந்தது. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த அந்த ஸ்காட்லாந்து நகரம் இந்த ஒரு வருடத்தை வைத்தே தன் முகத்தை மாற்றிக்கொண்டது. ‘ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம்’ என்ற பெயரில் இன்றும் தொடரும் இந்தத் திட்டத்தில் இதுவரை 60-க்கும் மேற்பட்ட நகரங்கள் இடம்பிடித்துவிட்டன.

பளிங்குச் சண்டை

ஆனால் மெலினா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பார்த்தினான் சிற்பங்கள்தான்.

விஷயம் இதுதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரீஸ், ஓட்டோமான் பேரரசின் பிடியில் இருந்தது. அந்தப் பேரரசுக்கான பிரிட்டன் தூதர் எல்ஜின் பிரபு. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் இருந்த சிற்பங்களை அவருடைய ஆட்கள் பெயர்த்துக் கப்பலேற்றினார்கள். 1816-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவற்றை 35,000 பவுண்டுக்கு வாங்கி, மியூசியத்துக்குக் கொடுத்தது. கோயிலைச் சுற்றி 160 மீட்டர் நீளத்துக்கு ஓடிய சிற்ப வரிசையில் சுமார் 75 மீட்டர் இன்று லண்டனில் இருக்கிறது.

திருப்பித் தா என்ற குரல் பழையதுதான். அதை உலக மேடைக்குக் கொண்டுபோனவர் மெலினா. 1982-ல் மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் பிரச்சினையைக் கிளப்பினார். 1983-ல் கிரீஸ் அரசு முறைப்படி கோரிக்கை வைத்தது. 1984-ல் பிரிட்டன் மறுத்தது.

விடுவாரா? 1986-ல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாத மேடைக்கே போனார். ‘எல்ஜின் மார்பிள்ஸ்’ என்ற பெயரையே ஏற்க மறுத்தார். எடுத்துப் போனவர் பெயரால் ஏன் அழைக்க வேண்டும், கோயிலின் பெயரால் அழையுங்கள் என்பது அவர் வாதம். அப்போது அவரை அங்கே வரவேற்ற மாணவர் தலைவர் யார் தெரியுமா? போரிஸ் ஜான்சன். அன்று சிற்பங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியவர், 2021-ல் பிரதமராக இருந்தபோது முடியாது என்று சொல்லிவிட்டார்.

மெலினா மீது விமர்சனங்களும் உண்டு. அமைச்சராகவும் அவர் நடிக்கிறார், எல்லாம் கேமராவுக்காக என்றார்கள். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பிரிட்டன் தரப்பிலிருந்து வந்தது. புகையும் தூசியும் ஏதென்ஸின் பழைய கற்களை அரித்துக்கொண்டிருக்கும்போது, சிற்பங்களைத் திருப்பித் தந்தால் எங்கே வைப்பீர்கள்?

இதற்குப் பேச்சு மட்டும் பதிலாகாது என்று மெலினாவுக்குப் புரிந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் புது மியூசியம் கட்டும் யோசனை 1970-களிலேயே இருந்தது. அதற்கு 1989-ல் சர்வதேச வடிவமைப்புப் போட்டியை அறிவித்தார். அந்தப் போட்டி சிக்கலில் மாட்டி நின்றுபோனது. ஆனால் திட்டம் சாகவில்லை.

பார்க்காமலே போனார்

1989-ல் பாசோக் ஆட்சியை இழந்தது. 1990-ல் தாத்தா உட்கார்ந்த மேயர் நாற்காலிக்குப் போட்டியிட்டுத் தோற்றார் மெலினா. 1993-ல் கட்சி மீண்டும் ஜெயிக்க, மறுபடியும் கலாசார அமைச்சர். சில மாதங்கள்தான். தீவிரப் புகைப்பழக்கம் உள்ள அவரை நுரையீரல் புற்றுநோய் தாக்கியிருந்தது. 1994 மார்ச் 6-ல் நியூயார்க் மருத்துவமனையில் காலமானார். ஏதென்ஸ் தெருக்களில் பெரும் கூட்டம் திரண்டு வழியனுப்பியது.

புதிய அக்ரோபோலிஸ் மியூசியம் 2009 ஜூனில் திறக்கப்பட்டது. மெலினாவின் பெயரில் அறக்கட்டளை தொடங்கி இந்தக் கோரிக்கையைச் சுமந்துவந்த கணவர் டாசின், அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். இருவருமே பார்க்கவில்லை.

2023-ல் வாடிகன் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. லண்டன் இன்னும் கொடுக்கவில்லை. 1963-ம் ஆண்டு சட்டம் பிரிட்டிஷ் மியூசியத்தின் கையைக் கட்டிவைத்திருக்கிறது.

அப்படியானால் மெலினா தோற்றுவிட்டாரா? ஏதென்ஸ் மியூசியத்தின் மேல்தளத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். கண்ணாடிச் சுவர் வழியே எதிரே பார்த்தினான் தெரியும். உள்ளே, கோயிலில் இருந்த அதே வரிசையில் சிற்பங்கள். பழுப்பேறியவை அசல். பளிச்சென்று வெள்ளையாக இருப்பவை பிளாஸ்டர் நகல்கள், அசல் லண்டனில். எங்கே வைப்பீர்கள் என்று இனி யாரும் கேட்க முடியாது. இடம் தயாராக இருக்கிறது.