வானில் பறந்த வீரர்

யூஜின் புல்லார்ட் 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அங்குக் கறுப்பின மக்கள் பல கொடுமைகளுக்கு ஆளாயினர். பிரான்சு நாட்டில் எல்லாரும் சமமாக நடத்தப்படுவர் என்று தந்தை கூறியது சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது. இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய அவர், கப்பலில் ஒளிந்து ஐரோப்பா சென்றார். குத்துச்சண்டை வீரராகிப் பாரிஸ் நகரை அடைந்தார்.

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. புல்லார்ட் தாமாகவே முன்வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு வெர்டன் போர்க்களத்தில் படுகாயமடைந்தார். அதன்பின் அவரால் காலாட்படையில் பணியாற்ற இயலவில்லை. ஆயினும், அவர் மனம் தளரவில்லை. விமானம் ஓட்டக் கற்று, 1917ஆம் ஆண்டு விமானி உரிமம் பெற்றார். பிரான்சுக்காகப் போர் விமானத்தில் பறந்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. பிரெஞ்சுப் படையிலிருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. புல்லார்ட்டும் விண்ணப்பித்தார், மருத்துவச் சோதனையிலும் தேறினார். ஆனால், கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரிலும் பிரான்சுக்காகப் போரிட்டுக் காயமடைந்த அவர், 1940ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பினார். நியூயார்க்கில் மின்தூக்கி இயக்கும் பணியாளராக வேலை செய்தார். அவருடைய வீரத்தை அங்கு அறிந்தவர் சிலரே. பிரான்சோ அவரை மறக்கவில்லை. 1959ஆம் ஆண்டு தன் உயரிய விருதை வழங்கியது.

புல்லார்ட் 1961ஆம் ஆண்டு காலமானார். 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆகாயப் படை அவருக்கு அதிகாரி பதவியை வழங்கியது. அன்று மறுக்கப்பட்ட மதிப்பு, 77 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பெயரை வந்தடைந்தது.