நிறுவனங்களை வளர்த்தெடுத்த அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்று உலகம் அறியும். மகாத் குளத்து நீரில் நம் மக்களுக்குள்ள உரிமையை 1927-இல் நிலைநாட்டிய வீரர் என்றும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் என்றும், 1956-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் புத்த நெறி ஏற்ற சான்றோர் என்றும் அவரை நம் மேடைகளில் ஆண்டுதோறும் போற்றுகின்றோம். ஆயின் விடுதிகளையும் நூலகங்களையும் கல்லூரிகளையும் தோற்றுவித்து, அவற்றுக்கு விதி வகுத்து, பொருள் திரட்டி, தக்க ஆள் தேர்ந்து நடத்திய நிருவாகி என்ற வகையில் அவரை நாம் நினைப்பது அரிது. கல்விப் பணிக்கென அமைந்த ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வாழ்வின் இப்பகுதியை எடுத்துரைப்பதே பொருத்தம் எனக் கருதுகின்றோம்.

இளமையும் கல்வியும்

பீமாராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் என்னும் படை முகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகவும் இராணுவப் பள்ளியின் ஆசிரியராகவும் பணியாற்றியவர். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டதும், பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் பருக இயலாது தவித்ததும் அவர்தம் இளமைக் கால அனுபவங்கள். எனினும் கல்வியை அவர் கைவிடவில்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அளித்த திங்களுக்கு 25 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அம்மன்னரின் உதவியாலேயே அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் தேர்ந்தெடுத்த ஆய்வுப் பொருளை நம் இளைஞர்கள் கருத வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிமுறையும் நிதியும் ஒன்று; பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி வளர்ந்த வரலாறு மற்றொன்று. பின்னர் இலண்டனில் 1923-இல் ரூபாய் நாணயத்தின் சிக்கலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையால் செலவாகிறது, அதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகளில் தேர்ச்சி பெற்ற பின்னரே அவர் பொதுநிறுவனம் நடத்த முன்வந்தார்.

இதற்கிடையே நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் மறக்கத் தக்கதன்று. 1917-இல் பரோடா அரசில் உயர் பதவி ஏற்கச் சென்ற அவருக்கு அவ்வூரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்த இடத்திலிருந்தும் அவர் விரட்டப்பட்டார். மேல்நாட்டுக் கல்வி பெற்றவருக்கே இந்நிலையென்றால், சிற்றூரிலிருந்து நகரப் பள்ளிக்குப் படிக்க வரும் ஏழைச் சிறுவன் எங்கே தங்குவான்? அவர் பின்னாளில் கண்ட சங்கம் முதலில் விடுதியின் மீது கருத்துச் செலுத்தியதன் காரணத்தை இங்கே உணரலாம்.

ஓர் இதழ் தந்த பாடம்

1920 சனவரி 31-இல் அவர் முயற்சியால் மூக்நாயக் என்னும் மராத்தி இதழ் வெளிவந்தது. கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராசர் அதற்கு 2,500 ரூபாய் வழங்கினார். அவ்வாண்டே அண்ணல் படிப்பை முடிக்க இலண்டன் சென்றார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து சேர்த்த பணமும் நண்பர் நாவல் பதேனாவின் கடனுதவியும் அவருக்குத் துணையாயின. அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் இதழ் தளர்ந்து, 1923-இல் நின்று போயிற்று. தொடங்கியவர் அகன்றதும் தளரும் நிறுவனம் இன்னும் வேரூன்றவில்லை என்பதே அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

முதற் சங்கமும் அதன் அமைப்பும்

நாடு திரும்பிய அண்ணல் 1924 சூலை 20-ஆம் நாள் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். விலக்கப்பட்டோரின் நலம் நாடும் சபை என்பது அதன் பொருள். விடுதிகள் திறந்து கல்வியைப் பரப்புவது, நூலகங்களும் படிப்பு வட்டங்களும் அமைப்பது, தொழிற் பள்ளிகளும் வேளாண் பள்ளிகளும் நிறுவிப் பொருளாதார நிலையை உயர்த்துவது, மக்களின் குறைகளை அரசுக்கு எடுத்துரைப்பது ஆகியவை அதன் நோக்கங்கள்.

அச்சபையின் அமைப்பை நோக்குங்கள். அப்போது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த சர் சிமன்லால் சேதல்வாட் தலைவர். செயலாளர் பொறுப்பு சிவதர்க்கரிடம் இருந்தது. அண்ணல் தமக்கென ஏற்றது நிருவாகக் குழுவின் தலைமை. மாலையும் மரியாதையும் பெறும் இருக்கையை அவர் நாடவில்லை. வேலை நடக்கும் இருக்கையில் அமர்ந்தார். சமூகத்தில் மதிப்புள்ளவரைத் தலைமையில் அமர்த்தியதால் சபைக்கு நம்பிக்கையும் பொருளுதவியும் கிட்ட வழி பிறந்தது. அன்றாடப் பொறுப்போ உழைப்பவர் கையில் நின்றது.

தொடங்கிய ஆறு திங்களுக்குள், 1925 சனவரி 4-ஆம் நாள், சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென விடுதியொன்று திறக்கப்பட்டது. அந்நகராட்சியின் பொருளுதவியும் அதற்குக் கிடைத்தது. பம்பாயில் இலவச நூலகம் அமைந்தது. இளைஞர்க்கு ஹாக்கிக் குழுவும் உருவாயிற்று. நான்கு நோக்கங்களையும் ஒரே நாளில் நிறைவேற்ற அச்சபை முனையவில்லை. கைக்கு எட்டிய ஒன்றை முதலில் செய்து காட்டிப் பிறகு அடுத்ததை நாடியது.

1928-இல் அச்சபையின் இடத்தில் தாழ்த்தப்பட்டோர் கல்விச் சங்கம் தோன்றியது. விடுதிப் பணி அதன் வழியே தொடர்ந்தது. பெயரின் மீதும் அமைப்பின் மீதும் அண்ணல் பற்று வைக்கவில்லை. பணிக்கு வேறு அமைப்பு தேவையெனக் கண்டபோது பழையதை முடித்துப் புதியதைத் தொடங்க அவர் தயங்கவில்லை.

மக்கள் கல்விக் கழகம்

1935-இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராகவும், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் நலப் பொறுப்பிலும் பணியாற்றியமையால், கல்லூரி நடக்கும் முறையையும் அரசு அலுவலகம் இயங்கும் முறையையும் அண்ணல் நேரில் அறிந்திருந்தார். அந்த அனுபவத்துடன் 1945 சூலை 8-ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். ஓராண்டு நிறைவதற்குள், 1946 சூன் 20-இல், சித்தார்த்தா கல்லூரி பம்பாயில் திறக்கப்பட்டது.

சொந்தக் கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. இராணுவத்தார் விட்டுச் சென்ற கொட்டகைகளில் வகுப்புகள் தொடங்கின. புத்த பவனம், ஆனந்த பவனம் என்னும் கட்டடங்கள் பின்னரே வாய்த்தன. பகலில் வேலைக்குச் செல்லும் இளைஞர்களை மனத்திற் கொண்டு காலை வேளையில் வகுப்புகள் நடத்தப்பட்டன. வேலையை விட்டால் குடும்பம் பட்டினி. படிப்பை விட்டால் தலைமுறையே இருளில் என்றிருந்த இளைஞர் பலர்க்கு அந்தக் கால அட்டவணையே கல்லூரியின் வாயிலைத் திறந்தது. நிருவாகம் என்பது ஏழையின் நாளைக் கணக்கிட்டுப் பார்க்கும் பரிவு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்லூரி எல்லாச் சாதியினர்க்கும் திறந்திருந்தது. வடமொழிப் பேராசிரியர் அசுவத்தாமா கஜேந்திரகட்கர் அதன் முதல்வராக அமர்த்தப்பட்டார். பிராமண குலத்தில் பிறந்தவரெனினும் ஆற்றலும் நேர்மையும் கருதியே அவரை அண்ணல் தேர்ந்தார். தமக்கு நெருங்கியவர் யார் என்று பாராது, பணிக்குத் தக்கவர் யார் என்று பார்த்த உள்ளம் அது.

1950-இல் அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரியைக் கழகம் திறந்தது. உயர் கல்விக்கு வழியின்றி மரத்வாடாப் பகுதி பின்தங்கியிருந்த காலம் அது. 1951 செப்டம்பர் 1-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். மிலிந்த் என்று பெயர் பெற்ற அக்கல்லூரியின் வளாகம் நாகசேனவனம் எனப்படுகிறது. பம்பாயில் 1953-இல் வணிகக் கல்லூரியும் 1956-இல் சட்டக் கல்லூரியும் தொடங்கின. நீரிழிவு நோயால் உடல் நலிந்திருந்த ஆண்டுகளில்தான் இவையனைத்தும் நிகழ்ந்தன.

1956 டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் தில்லியில் மறைந்தார். அவர் கண்ட கல்லூரிகள் அவருடன் மறையவில்லை. மூக்நாயக் இதழ் அவர் அகன்றிருந்த சில ஆண்டுகளில் நின்றது. சித்தார்த்தாவும் மிலிந்தும் அவர் மறைந்த பின்னும் மாணவர்களை ஏற்று வருகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அண்ணலின் நிருவாக வளர்ச்சியாகும்.

நாம் கற்க வேண்டுவன

இளைஞர்களே! நம் சமுதாயத்தில் சங்கங்கள் தோன்றுவதற்குக் குறைவில்லை. தோன்றியவற்றுள் நிலைத்தவை சிலவே. பகைவரால் அழிந்தவற்றைவிட, கணக்கு எழுதாமையால் அழிந்தவையும், பொதுக்குழு கூட்டாமையால் அழிந்தவையும், ஒருவரையே நம்பியிருந்து அவர் மறைந்ததும் கலைந்தவையும் மிகுதி என்றே கருதுகின்றோம். ஒரு சங்கம் கலையும்போது இழப்பது பெயர்ப் பலகையை மட்டுமன்று. அதன் விடுதியில் உண்டு படித்த பிள்ளையின் அடுத்த ஆண்டையும் இழக்கின்றோம்.

மேடையில் முழங்குவோரை நாம் எளிதில் இனங்காண்கின்றோம். விடுதியின் அரிசிக் கணக்கை நாள் தவறாது எழுதுபவரை, நன்கொடைக்கு அன்றே இரசீது தருபவரை, கூட்ட நடவடிக்கைகளைப் பதிவேட்டில் பிழையின்றிக் குறிப்பவரை, பதவிக் காலம் முடிந்ததும் சாவியையும் ஏடுகளையும் அடுத்தவரிடம் முறையாக ஒப்படைப்பவரை நாம் இனங்காண்பதில்லை. அண்ணலின் வாழ்வு அத்தகையோரின் பணிக்கும் பெருமை சேர்க்கின்றது. விழா நாளில் அவர்கட்கும் பொன்னாடை போர்த்துவோம். அதனினும் மேலாக, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுவதையும், ஒவ்வொரு பொறுப்பிற்கும் இளைஞர் ஒருவரைத் துணையாக்கிப் பழக்குவதையும் நம் வழக்கமாக்கிக் கொள்வோம்.

அண்ணலின் படத்திற்கு மாலை சூட்டுவது எளிது. அவர் ஏற்ற நிருவாகக் குழுவின் இருக்கையில் அமர்ந்து உழைப்பது அரிது. அவ்வரிய பணிக்கு இன்றைய இளைஞர்கள் முன்வருவார்களாயின், இச்சங்கம் பொன்விழாவும் காணும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க கல்விப் பணி!