பண்டித ரமாபாய் அம்மையார்

பெண்மக்களுக்கு வடமொழி கற்பித்தல் தகாது என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அனந்த சாஸ்திரியார் என்னும் மராட்டிய அந்தணர் தம் மனைவியார்க்கு அம்மொழியைக் கற்பித்தார். சுற்றத்தார் வெறுக்கவே, மேற்கு மலைத்தொடரில் கங்கமூலம் என்னும் காட்டிடத்தை அடைந்து குடில் அமைத்து வாழ்ந்தார். அங்கே 1858-ஆம் ஆண்டிற் பிறந்தவரே ரமாபாய். தாயாரே அவருக்கு ஆசிரியர். பாகவதத்தின் 18,000 சுலோகங்களையும் இளமையிலேயே அவர் நெட்டுருச் செய்தார். நான்கு செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் முகம் வாடும் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

தலந்தோறும் நடந்து புராணம் படித்து வாழ்ந்தது அக்குடும்பம். பஞ்சம் வந்தது, பெற்றோர் இருவரும் தமக்கையாரும் மாண்டனர். தமையனாருடன் நாடெங்கும் நடந்த ரமாபாய் 1878-இல் கல்கத்தாவை அடைந்து, ஆங்கிருந்த புலவர்களால் பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களைப் பெற்றார். பின்னர்த் தமையனாரும் இறந்தார். 1880-இல் வங்க வழக்கறிஞர் ஒருவரை மணந்தார்; 1882-இல் அவரையும் இழந்து, மனோரமா என்னும் கைக்குழந்தையுடன் தனித்து நின்றார்.

மருத்துவம் பயில விரும்பி 1883-இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்தமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. ஆனால் நெறி தவறிய பெண்டிரைத் தூற்றாது பேணிக் காத்த கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் வாண்டேஜ் என்னும் ஊரில் மகளுடன் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார்.

சமயம் மாறியதும் நடை, உடை, ஊண் யாவும் மாறவேண்டும் என்று சிலர் எதிர்பார்த்தனர். அம்மையார் அதற்கு இசைந்தாரல்லர். புலால் உண்ணவில்லை, புடவையை விடவில்லை. சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு, வடமொழி எழுத்து ஆகாதா என்று வாதிட்டார். குருமாரின் சொல்லையும் தம் மனச்சான்றுக்கு ஒத்தவழியே ஏற்றார்.

1889-இல் பம்பாயில் சாரதா சதனம் என்னும் இல்லத்தை இளங்கைம்பெண்களுக்கென நிறுவினார். மறுவருடம் அது புனாவுக்கு மாறியது. எவர் சமயத்திலும் தலையிடுவதில்லை என்பது அவர் அளித்த உறுதி. ஆயினும், நாள்தோறும் காலையில் தம் அறையில் மகளோடு அவர் வழிபடுவார். அறைக் கதவு திறந்தே இருக்கும். தம்மை அன்புடன் காத்த அன்னையைப் பின்பற்றிப் பெண்கள் சிலர் தாமாகவே அங்கு வந்து அமரலாயினர். நகரத்துப் பெரியோர் இதனை வாக்குறுதிக்கு மாறு எனக் கருதினர். ரானடே, பண்டார்க்கர் முதலிய சான்றோரே 1893-இல் ஆலோசனைக் குழுவினின்றும் விலகினர். தம் பெண்களை நம்பி ஒப்படைத்தோர் அஞ்சியதும் இயல்பேயாம். அம்மையாரோ, எவரையும் அழைத்ததுமில்லை, வந்தவரை விரட்டப் போவதுமில்லை என்னும் நிலையில் நின்றார். கதவை அடைத்திருந்தால் பூசல் அடங்கியிருக்கும் போலும். அவர் அடைக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட பெண்களை உறவினர் அழைத்துச் சென்றனர். இல்லம் பாதி வெறுமையாயிற்று.

1896-இல் நடு மாகாணங்களில் பெரும்பஞ்சம் தோன்றியது. பசியின் கொடுமையை இளமையிலேயே துய்த்தவர் வாளாவிருப்பரோ! தாமே அங்குச் சென்று, ஏறத்தாழ 300 பெண்களை மீட்டுக் கொணர்ந்தார். கேட்காம் என்னும் சிற்றூரில் அவர் வாங்கிவைத்திருந்த நிலம் அவர்க்குப் புகலிடமாயிற்று. முக்தி என்பது அதன் பெயர். உழவும் நெசவும் அச்சுத்தொழிலும் அங்கே பெண்கள் கற்றனர், பார்வையற்றோரும் படித்தனர்.

விவிலியத்தின் பழைய மராத்தி மொழிபெயர்ப்பு சிற்றூர்ப் பெண்டிர்க்கு விளங்காமை கண்டு, எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, அதனை எளிய நடையிற் பெயர்க்கத் தொடங்கினார். வடமொழிப் பட்டம் பெற்றவர் வடசொற்களைக் குறைத்து வழக்குச் சொற்களைத் தேடியது வியப்பன்றோ! 1921-இல் மனோரமாவும் இறந்தார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. அதனை முடித்து 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் அம்மையார் உயிர் நீத்தார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்ட அந்நூல் 1924-இல் முழுமையாக வெளிவந்தது.