பார்த்து எழுதினால் தப்பு வருது.. கம்ப்யூட்டரையே எழுத வைத்த கிரேஸ் ஹாப்பர்! யார் இவர்?

உங்க போன்ல சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப்பை திறந்து பாருங்க. உள்ளே மேப் இருக்கும், பணம் கட்டும் வசதி இருக்கும். அந்த ஆப்பை உருவாக்கியவர்கள் இதையெல்லாம் முதலில் இருந்து எழுதுவது இல்லை. வேறு ஒருவர் எழுதி வைத்த மாட்யூலைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு என்ன கொடுக்கணும், அது என்ன திருப்பித் தரும் என்று தெரிந்தால் போதும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் இன்டர்ஃபேஸ். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர்.

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பாடம் நடத்தி வந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர ஆசை. ஆனா உடல் எடை குறைவு! சிறப்பு அனுமதி வாங்கித்தான் உள்ளே போனார். 1944-ல் அவரை அனுப்பிய இடம் ஹார்வர்டு. அங்கே இருந்தது மார்க் 1, சுமார் 51 அடி நீளக் கம்ப்யூட்டர்.

நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்த சிக்கல்

அங்கே புரோகிராம் எழுதியவர்களிடம் ஆளுக்கு ஒரு நோட்டு இருந்தது. ஒருவர் சைன் மதிப்பு கண்டுபிடிக்கும் துண்டு நிரலைச் சரியாக எழுதிவிட்டால், மற்றவர்கள் அதைக் கேட்டு வாங்கி தங்கள் புரோகிராமில் எழுதிக்கொள்வார்கள். இந்தத் துண்டுகளுக்குத்தான் சப்ரூட்டின் என்று பெயர்.

கேட்க சுலபமா இருக்கு இல்லையா? பிரச்சனை என்னன்னா, ஹாப்பர் 1949-ல் தனியார் நிறுவனத்துக்கு மாறி, யூனிவாக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தபோதும் இதே கதைதான். ஒவ்வொரு துண்டும் 0-வது வரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். அதை உங்கள் புரோகிராமின் 120-வது வரியில் சொருகினால், உள்ளே இருக்கும் எல்லா முகவரியோடும் 120-ஐக் கையால் கூட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் போச்சு. பார்த்து எழுதும்போது 4 என்ற எண் டெல்டா குறி ஆகிவிடும், B என்ற எழுத்து 13 ஆகிவிடும். கூட்டுவதும் காப்பி எடுப்பதும் மனிதருக்கு வராத வேலைகள், அதை மெஷினிடமே விட்டால் என்ன என்று யோசித்தார் ஹாப்பர்.

எண்ணைச் சொன்னால் போதும்

1951-52ல் உருவானது ஏ-0. சேர்த்து வைத்த சப்ரூட்டின்களை எல்லாம் டேப்பில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண் கொடுத்தார். புரோகிராம் எழுதுபவர் அந்த எண்ணையும், கொடுக்க வேண்டிய விவரங்களையும் எழுதினால் போதும். ஏ-0 தானே போய் துண்டை எடுத்து, முகவரிகளைக் கூட்டி, கோர்த்துக் கொடுக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று பயன்படுத்துபவர் பார்க்கவே வேண்டாம்.

(சப்ரூட்டின் நூலகம் அவர் ஒருவரின் யோசனை அல்ல. அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் இப்படி ஒன்றை வைத்திருந்தார்கள். 1951-ல் புத்தகமே போட்டார்கள்.)

ஆனா பலர் இதை நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்று தள்ளிவிட்டார்கள். ஹாப்பர் விடவில்லை. 1953-ல் ஏ-2 வந்தபோது, அதன் மூல நிரலையே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து, மேம்படுத்தி அனுப்பச் சொன்னது நிறுவனம்.

கம்பெனிக்கு கம்பெனி வேற மொழியா?

அடுத்த தலைவலி இன்னும் பெரிது. ஒரு கம்பெனியின் மெஷினுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. 1959-ல் பென்டகனில் கூட்டம் கூடி, பொதுவான மொழி வேண்டும் என்று முடிவானது. அதுதான் கோபால். அதை ஹாப்பரே உட்கார்ந்து எழுதியதாகச் சொல்வது சரியல்ல, அவர் ஆலோசகர். ஆனா அவருடைய ஃப்ளோ-மேட்டிக் மொழிதான் அதற்கு முக்கிய அடிப்படை. 1960 டிசம்பரில் ஒரே புரோகிராம், சின்னச் சின்ன மாற்றங்களோடு, ஆர்சிஏ மெஷினிலும் யூனிவாக்கிலும் ஓடியது!

பெயர் ஒன்றாக இருந்தாலும், கம்பெனிகள் கோபாலை ஆளுக்கு ஒரு மாதிரி செய்தன. 1966-ல் ஓய்வு பெற்ற ஹாப்பரை, அடுத்த ஆண்டே ஆறு மாத வேலைக்கு என்று கடற்படை திரும்பக் கூப்பிட்டது. ஆறு மாதம் பல வருஷமாக நீண்டது. ஒரு கம்பெனியின் கம்பைலர் உண்மையிலேயே தரப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவரது குழு உருவாக்கியது. சொன்னபடி நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடலாம், வாய்ப்பேச்சு செல்லாது.

ஹாப்பர் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது 1947-ல் மார்க் 2 மெஷினில் சிக்கிய அந்துப்பூச்சிதான். நல்ல கதைதான், ஆனா பக் என்ற சொல் இன்ஜினியர்களிடம் அதற்கு முன்பே இருந்தது.

1986-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. வீட்டில் உட்காரவில்லை, டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1-ம் தேதி காலமாகும் வரை அந்த வேலையில்தான் இருந்தார்.