பட்டம் பெறாத கல்லூரித் தலைவர்

பரீட்சையில் தவறிய பிள்ளை வீட்டிலிருக்கையில் பெற்றோர் படும் கவலை நீங்கள் அறியாததன்று. அப்படியானால், பல்கலைக்கழகப் பட்டமே பெறாத ஒருவர் பெரும் பொறியியலாளராகி, பின் ஒரு கல்லூரியின் தலைவராகவும் அமர்ந்த வரலாற்றைக் கேளுங்கள்.

ஆதர் மோர்கன் 1878இல் அமெரிக்காவிலே பிறந்தார். வளர்ந்தது மினசோட்டா மாநிலத்தில். தந்தை நில அளவையாளர், தாய் ஆசிரியை. பையனோ நோயாளி, கண்பார்வையும் குறைவு. உயர்தரப் பாடசாலையோடு படிப்பு ஏறக்குறைய நின்றது. கொலராடோவுக்குப் போய்க் கூலி வேலைகள் செய்து திரும்பியவர், தந்தையுடன் சேர்ந்து அளவுச் சங்கிலி பிடித்தார். சதுப்பு நிலங்களில் நீர் வடியும் வகையைக் கண்ணால் கண்டு கற்றார். சில ஆண்டுகளுக்குள் மினசோட்டாவின் வடிகாற் சட்டங்களை வரைவதற்கு அவர் உதவி தேவைப்பட்டது என்றால் பாருங்கள்!

1913ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு மார்ச் 23. அதற்கு இரண்டாம் நாள் ஒஹையோ மாநிலத்தின் டேய்ற்றன் நகருக்குள் மயாமி ஆறு புகுந்தது. மக்கள் கூரைகளில் ஏறி நின்றார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் 360க்கு மேற்பட்டோர் மாண்டனர். சேறு காயுமுன்பே நகரத்தார் இருபது லட்சம் டொலருக்கு மேல் திரட்டி, மோர்கனை அழைத்து, விரைவில் ஏதாவது செய்யுங்கள் என்றார்கள்.

அவர் விரைந்து செய்யவில்லை. இதுதான் அம்மனிதரின் இயல்பு. நாட்டின் கிழக்குப் பகுதியில் பெய்த பெருமழைகளின் பதிவுகளை எல்லாம் தேடி எடுப்பித்து, எத்தனை பெரிய வெள்ளம் வரக்கூடும் என்று கணக்கிட்டார். 1913இன் வெள்ளத்தைவிட நாற்பது வீதம் கூடிய வெள்ளத்தையும் தாங்குமாறு திட்டம் வகுத்தார். ஆற்றுக்கு மேற்பக்கத்திலே ஐந்து மண் அணைகள். அவற்றிலே குளம் இல்லை! அடியில் கதவில்லாத மதகுகள் மட்டும். சாதாரண காலத்தில் ஆறு தன்பாட்டிலே ஓடும். அணைக்குப் பின்னால் கமக்காரன் சோளம் விதைப்பான். பெருவெள்ளம் வந்தால் மதகு கொள்ளுமளவே கீழே போகும். மிச்சம் அணையில் நின்று மெல்ல வடியும். மதகைத் திறக்கவும் பூட்டவும் ஆள் வேண்டியதில்லை. மேற்பகுதிக் கமக்காரர் கடுமையாக எதிர்த்தார்கள். நகரம் பிழைக்கத் தங்கள் காணியா என்ற அவர்கள் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 1922இல் வேலை முடிந்தது. அதன்பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் அவ்வணைகள் வெள்ளத்தை மறித்துள்ளன. கட்டிய தொழிலாளருக்கு வீடுகளும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் அணையடியிலேயே அமைத்துக் கொடுத்திருந்தார் மோர்கன்.

அணைவேலை முடியுமுன்னரே, 1920இல், அயலிலுள்ள யெலோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரின் அந்தியோக்கியாக் கல்லூரி அவரைத் தலைவராக்கியது. (அப்போஸ்தலர் பணியிலே நாம் வாசிக்கும் அந்தியோக்கியாவின் பெயர்தான்.) கல்லூரி நலிந்து கிடந்தது. அவர் 1921இல் ஒரு புதுமுறை புகுத்தினார். மாணவர் சில வாரம் வகுப்பில் இருப்பர். சில வாரம் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ சம்பளத்துக்கு உழைப்பர். ஒருவன் படிக்கையில் மற்றவன் அவனுடைய வேலையைப் பார்ப்பான். எழுதத் தெரிந்தவன் கை அழுக்காக அஞ்சக்கூடாது என்பது அவர் எண்ணம். நம் வீடுகளில் இதை எத்தனைபேர் ஒப்புக்கொள்வோம்?

1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அவரை டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையின் முதல் தலைவராக நியமித்தார். கட்சிக்காரரின் சிபார்சுக்கு வேலை கொடுக்க மோர்கன் மறுத்தார். நோறிஸ் அணை 1936இல் எழுந்தது. அதற்காக ஏறக்குறைய மூவாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் சபையின் மற்ற இரு பணிப்பாளரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவர்களை நேர்மையற்றவர்கள் எனக் குற்றஞ்சாட்டினார். ஆதாரம் தருமாறு ஜனாதிபதி கேட்டபோது காங்கிரசின் முன்னால்தான் சொல்வேன் என்று நின்றார். 1938 மார்ச்சில் பதவி பறிபோனது. விசாரணைக் குழுவும் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. தம் நேர்மையில் வைத்த உறுதியைப் பிறர் நேர்மையிலும் சற்று வைத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பத்தாண்டு கழித்து, எழுபதாம் வயதில், அவரை இந்தியா அழைத்தது. கலாநிதி இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில், சென்னையின் இலட்சுமணசுவாமி முதலியாரோடு அவரும் ஓர் அங்கத்தவர். 1949இல் வந்த அறிக்கை, கிராமங்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. அப்பகுதியில் மோர்கனின் கை தெரிகிறது.

எண்பதை நெருங்கியும் ஓய்வில்லை. கின்சுவா என்ற இடத்தில் அரசு அணை கட்டினால் செனக்கா என்னும் பூர்வ குடிகளின் நிலம் நீரில் மூழ்கும். அது 1794இல் உடன்படிக்கையால் உறுதிசெய்யப்பட்ட நிலம். அணைகட்டிப் புகழ்பெற்றவர் அவர்களுக்காக அணையை எதிர்த்து வாதாடினார். நீரை வேறு பள்ளத்துக்குத் திருப்பலாம் என்று வரைபடமும் போட்டுக் கொடுத்தார். அரசு கேட்கவில்லை. 1965இல் அணை முடிந்தது; அறுநூறு பேரளவில் வீடிழந்தார்கள். மோர்கன் அதை மறக்கவில்லை. அரசின் அணைகட்டும் படைப்பிரிவு செய்த தவறுகளை ஒரு நூலாக எழுதி 1971இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1975 நவம்பரில், காலமானார்.