ஸ்டேபிள்ஃபோர்ட் டாக்டரின் பாயிண்ட் கணக்கு



ஞாயிறு விடியற்காலையில் பால் வாங்கக் கீழே இறங்குகிறவர்கள், தோளில் நீளப் பையோடு லிஃப்டில் வரும் நம் கோல்ஃப் நண்பரைப் பார்த்திருப்பீர்கள். போன மாதம் ஒருநாள் தான் 36 பாயிண்ட் எடுத்ததாகச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குக் குழப்பம். குறைந்த அடியில் முடிப்பவர்தானே கோல்ஃபில் ஜெயிப்பார், பாயிண்ட் எங்கிருந்து வந்தது? லிஃப்ட் தரைக்கு வருவதற்குள் விளக்கிவிடக்கூடிய விஷயமில்லை அது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அங்கே ஒரு டாக்டர் அகப்பட்டார்.

அவர் பெயர் ஃபிராங்க் பார்னி கார்ட்டன் ஸ்டேபிள்ஃபோர்ட். 1870-ல் பிறந்தவர். அறுவை சிகிச்சை நிபுணர். போயர் போரிலும் முதல் உலகப் போரிலும் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியிருக்கிறார். கோல்ஃபிலும் லேசுப்பட்டவர் இல்லை. 1907-ல் வேல்ஸிலுள்ள ராயல் போர்த்கால் கிளப்பின் சாம்பியன். அப்போது அவருடைய ஹேண்டிகேப் பிளஸ் ஒன்று.

ஹேண்டிகேப் என்றால் என்ன என்று என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரரும் சுமாரானவரும் ஒரே போட்டியில் சமமாக ஆடுவதற்காகச் சுமாரானவருக்குக் கொடுக்கும் சலுகை அடிகள் அது. ஹேண்டிகேப் 18 என்றால், 18 குழிகளுக்கும் குழிக்கு ஓர் அடி தள்ளுபடி. பிளஸ் ஒன்று என்பது தலைகீழ். அவர் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது டாக்டருக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது, அவர்தான் கொடுக்க வேண்டியவர். அப்படிப்பட்டவர் சுமாரான ஆட்டக்காரர்களின் கஷ்டத்தைப் பற்றி யோசித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என்ன கஷ்டம்? சாதாரணப் போட்டியில் 18 குழிகளின் அடிகளையும் கூட்டி, ஹேண்டிகேப்பைக் கழிப்பார்கள். இரண்டாவது குழியில் ஒருவர் மணலில் மாட்டிக்கொண்டு பத்து அடி அடித்துவிட்டால் அவ்வளவுதான், அந்த நஷ்டம் கடைசிவரை கேரி ஃபார்வர்டு ஆகும். மீதி பதினாறு குழிகளையும் எதற்காக ஆட வேண்டும்? கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போகி என்ற இன்னொரு முறையும் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் இலக்கு வைத்து, அதை வென்றாயா, சமமா, தோற்றாயா என்று மட்டும் பார்ப்பார்கள். அதில் ஓர் அடியில் தோற்றவனும் ஆறு அடியில் தோற்றவனும் ஒன்றே.

டாக்டர் இதற்குப் பாயிண்ட் போட்டார். 1898 செப்டம்பர் 30-ல், வேல்ஸின் பெனார்த் ஊரில் உள்ள கிளாமார்கன்ஷயர் கிளப்பில் அதை ஆடிப் பார்த்தார்கள். இலக்கைச் சமமாக எட்டினால் 2, ஓர் அடி பிந்தினால் 1, ஓர் அடி முந்தினால் 3, இரண்டு முந்தினால் 4. அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு அந்த யோசனை பெரிதாகப் பரவவில்லை.

பிறகு அவர் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், ஐரிஷ் கடலோரத்தில் இருக்கும் வாலசிக்கு வந்து சேர்ந்தார். அங்கே கடற்காற்று சும்மா விடாது. நல்ல ஆட்டக்காரர்களே நீளமான குழிகளை உரிய அடிகளில் எட்ட முடியாமல் ஆரம்பத்திலேயே சோர்ந்துபோனார்கள். கிளப்பின் இரண்டாவது குழிப் பக்கம் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதுதான் பாயிண்ட் யோசனை அவருக்கு மறுபடி உருவெடுத்தது என்பார்கள். 1932 மே 16, திங்கட்கிழமை, வாலசியில் முதல் ஸ்டேபிள்ஃபோர்ட் போட்டி நடந்தது. இடையில் 34 வருஷம் ஓடிவிட்டது! அறுபது வயதுக்கு மேல் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். நம் சீனியர் சிட்டிசன்கள் கவனிக்க.

இன்று ஆடுகிற முறையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் நண்பரின் ஹேண்டிகேப் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார் 4 குழியில் 5 அடி அடித்தால், ஒன்று தள்ளுபடி போக 4. பாருக்குச் சமம், 2 பாயிண்ட். அடுத்த பார் 4-ல் 9 அடி அடிக்கிறார். தள்ளுபடி போக 8. பாயிண்ட் பூஜ்யம். அவ்வளவுதான், மைனஸ் கிடையாது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம், பின்னால் வருகிறவர்களும் காத்திருக்க வேண்டாம். பி.காம். படிக்கும்போது லிமிடெட் கம்பெனி பற்றிச் சொல்லிக் கொடுத்தார்களே, போட்ட முதலுக்கு மேல் பங்குதாரரின் வீட்டுக்கு யாரும் ஜப்திக்கு வர முடியாது என்று, அதே தத்துவம்தான். 18 குழிக்கும் இரண்டிரண்டாக வந்தால் 36. நண்பர் தன் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியிருக்கிறார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

டாக்டர் 1959-ல் காலமானார். அவர் முறை பிற்பாடு கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. 2020-ல் உலகம் முழுவதற்கும் வந்த ஹேண்டிகேப் முறையிலும், சலுகை அடிகள் போகப் பாரை விட இரண்டு அடிக்கு மேல் போனால் அதிகப்படியைக் கணக்கில் எடுப்பதில்லை. டாக்டரின் பூஜ்யமும் சரியாக அதே இடத்தில்தான் விழுகிறது.

அடுத்த ஞாயிறு லிஃப்டில் நண்பரைப் பார்த்தால், எத்தனை அடி என்று கேட்டு அவர் முகத்தை வாட வைக்காதீர்கள். எத்தனை பாயிண்ட் என்று கேளுங்கள்.